பச்சைத் தண்ணி

கழிவு நிலையத்தின் கடைசிக் கூடத்தில் தண்ணி என்றால் தண்ணீர் அல்ல. உருளைகளைக் கழுவுவதற்காக விடப்படும் நீர்த்த காரக் கரைசலுக்குத்தான் அங்கே அந்தப் பெயர். அதற்கு ‘இளங்காரம்’ என்று முறையான பெயர் ஒன்று உண்டு. அறிவிப்புப் பலகைகளில் அப்படித்தான் எழுதியிருக்கும். ஆனால் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னவர் எவருமில்லை. குழாயில் வரும் வெறும் தண்ணீர் வேண்டுமென்றால் ‘பச்சைத் தண்ணி’ என்று சேர்த்துச் சொல்வார்கள். இந்த வழக்கம் எப்போது தொடங்கியது என்று சொட்டுக்குத் தெரியாது. அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே அது பழையதாகியிருந்தது.

சொட்டு என்பது பட்டப்பெயர். குழாய்களுக்கு வண்ணம் பூசும் கூலியாளாக உள்ளே நுழைந்து, வால்வு திருப்புபவராகி, பிறகு கட்டுப்பாட்டு அறையின் மேசைக்கு வந்து சேர்ந்தவர் அவர். புதிதாக வரும் எவரிடமும் முதலில் ஒரு வாக்கியம் சொல்வார்: “ஒரு சொட்டு வெளிய வரக் கூடாது.” பெயர் அதிலிருந்து ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குப் போனாலும் கை அடங்காது. சமையலறைக் குழாயை அவர் மூடினால் வேறு யாராலும் திறக்க முடியாது. “இந்தக் குழாயத் தெறக்கறதுக்குன்னே இன்னொரு புருஷன் கட்டணும்போல இருக்கு,” என்று மனைவி கரண்டிக் காம்பை விட்டு நெம்பிக்கொண்டே சொல்வாள்.

கூடத்துக்கு வெளியே, மண்ணுக்கடியில் பெரிய எஃகுத் தொட்டிகள் வரிசையாகப் புதைந்திருந்தன. சொட்டு பிறப்பதற்கு முன்பே சேரத் தொடங்கிய அணுக்கழிவு அவற்றுள் திரவமாகக் கிடந்தது. பெரும்பகுதி உப்பும் காரமும்தான். அதனுள் மிகச் சிறிதளவே கரைந்திருந்த சீசியம் என்ற கதிரியக்கத் தனிமம்தான் அந்தத் திரவத்தை யாரும் நெருங்க முடியாததாக்கியது. அதை மட்டும் பிரித்துவிட்டால் மிச்சத்தை ஓரளவு அச்சமின்றிக் கையாளலாம். பிரிக்கும் முறைக்கு அயனிப் பரிமாற்றம் என்று பெயர். கண்ணுக்குத் தெரிகிற அளவில் அது எளிமையானது. ஆளுயரத்தைவிடச் சற்றுப் பெரிய எஃகு உருளை. அதனுள் மணல்போல் வெண்ணிற மணிகள். கழிவு மேலிருந்து இறங்கும்போது சோடியம் கூட்டம் கூட்டமாகக் கடந்துபோகும்; மணிகள் அதைச் சட்டை செய்யா. இடையில் வரும் சீசியத்தை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு, ஈடாகத் தம்மிடமுள்ள சோடியத்தை வெளியே விட்டுவிடும். பிடித்ததைப் பிறகு விடுவதே இல்லை.

அந்த உருளையைக் கூடத்தில் ‘காலம்’ என்பார்கள். ஆங்கிலச் சொல் நாக்கில் புரண்டு அப்படியாகிவிட்டது. அதை வைத்து அங்கே சலிக்காத வேடிக்கை ஒன்று நடக்கும். மணிகள் சீசியத்தால் நிரம்பிவிட்டால், “சொட்டண்ணே, காலம் நெறஞ்சுடுச்சு,” என்பார் வயதான பைப் ஃபிட்டர். “எனக்கா, அதுக்கா?” என்பார் சொட்டு. நிரம்பிய காலத்தைக் கழுவி, வடித்து, உலர்த்தி, கனத்த ஈயக் கூட்டுக்குள் தூக்கி வைத்துவிட்டுப் புதியதைப் பொருத்துவார்கள்.

அந்த ஆண்டு வேடிக்கைக்கு இடமில்லாமல் போயிற்று. தொட்டிகளில் ஒன்றின் உள்சுவர் கீறிவிட்டது. கசிந்த திரவம் வெளிச்சுவருக்குள் தேங்கியது. அந்த வெளிச்சுவருக்கும் வயதாகிவிட்டது. அதைத் தாண்டினால் அடுத்தது மண். கீறலுக்குக் கீழே மட்டம் இறங்கும்வரை தொட்டியைக் காலி செய்தாக வேண்டும். காலி செய்ய இருந்த வழி அந்த ஒற்றைக் காலம். கூடத்தில் எல்லோரும் முறை மாற்றி முறை வேலை செய்தார்கள். எல்லோருடைய ‘பங்கும்’ கரைந்தது. ஓர் உடம்பு ஓராண்டில் வாங்கலாம் என்று விதித்திருக்கும் கதிர்வீச்சின் அளவைத்தான் அவர்கள் பங்கு என்பார்கள். சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜ் அதைக் கணக்கிடும். பேட்ஜ்களைப் படித்து, யார் உள்ளே போகலாம், யார் போகக்கூடாது என்று முடிவு சொல்பவர் அளவுக்காரம்மா. பங்கு தீர்ந்தவர் ஆண்டு முடியும்வரை கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான்.

ஆள் போதவில்லை என்று காண்ட்ராக்டரின் மேஸ்திரி அலைந்தபோது, சொட்டு தன் மைத்துனனைக் கூட்டிவந்தார். வேலை பார்த்த கைபேசி பழுதுபார்க்கும் கடை மூடப்பட்டதிலிருந்து அவன் அக்காள் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி இருந்தான். கைவேலை தெரிந்தவன், சொன்னதைச் சொன்னபடி செய்பவன். சொட்டு அவனுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தார்: கையுறையை எப்படிக் கழற்றுவது, எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது, எந்த ஓசை கேட்டால் திரும்பிப் பார்க்காமல் ஓடிவர வேண்டும். தண்ணி என்றால் தண்ணீர் அல்ல என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஒன்று அது என்றே அவருக்குத் தோன்றவில்லை.

காலம் நிரம்பிய ஒரு காலையில் அது நடந்தது.

“மாப்ள, கழிவ நிறுத்தியாச்சு. தண்ணி விடு,” என்றார் சொட்டு வாக்கி-டாக்கியில்.

“எவ்வளவு நேரம் மாமா?”

“நான் போதும்ங்கற வரைக்கும்.”

“சரி மாமா. தண்ணி விட்டாச்சு.”

சற்று நேரத்தில் அழுத்தமானியின் முள் ஏறத் தொடங்கியது. வெளியேறும் குழாயில் ஓட்டம் மெலிந்தது. சொட்டு முள்ளைத் தட்டிப் பார்த்தார். அது இறங்கவில்லை.

“மாப்ள, தண்ணிதான விட்ட?”

“ஆமா மாமா. தண்ணிதான்.”

“எந்தச் சக்கரத்தத் திருப்பின? என்ன கலரு?”

“பச்சை, மாமா.”

அந்தப் பச்சையைப் பூசியது சொட்டேதான், வண்ணக்காரராக இருந்த நாளில். பச்சை, வெறும் தண்ணீருக்கு. பக்கத்திலிருக்கும் காவிச் சக்கரம், இளங்காரத்துக்கு. பலகையில் ‘நீர்’ என்றிருந்ததைப் பார்த்து, மைத்துனன் நீரைத் திறந்துவிட்டான்.

அதனால் விளைந்தது இது. தொட்டித் திரவத்தில் அலுமினியம் கரைந்திருக்கிறது. காரம் கடுமையாக இருக்கும்வரைதான் அது கரைந்து நிற்கும். வெறும் தண்ணீர் கலந்து காரம் இளகினால் பால் திரிவதுபோல் திரிந்து, வெள்ளைக் களியாக வந்து படியும். அந்தக் களி இப்போது மணிகளுக்கிடையே இருந்த சந்துபொந்துகளை எல்லாம் அடைத்துக்கொண்டது. சீசியத்தால் நிரம்பிய காலம், கழுவவும் முடியாமல், வடிக்கவும் முடியாமல், தூக்கவும் முடியாமல், தன் வெப்பத்தில் தானே சுட்டுக்கொண்டு நின்றது. வழி அடைத்துவிட்டதால் தொட்டியைக் காலி செய்யும் வேலையும் நின்றது. கசிவு மட்டும் நிற்கவில்லை.

“தண்ணின்னு சொன்னா தண்ணியத்தான விடுவான்?” என்று கேட்டார் கூடத்தின் பொறியாளர். குரலை உயர்த்தாமல் அவர் கேட்டதுதான் சொட்டை அதிகம் சுட்டது.

“அது தண்ணி இல்லைங்க சார்.”

“எதுங்க தண்ணி இல்ல?”

“நாங்க தண்ணின்னு சொல்றது.”

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். “உங்க ரெண்டு பேர் மேலயும் தப்பு சொல்ல வழியில்ல. அதுதான் எனக்குப் பெரிய தலைவலி.”

மாற்று ஒன்றுதான் இருந்தது. சூடான கடுங்காரத்தைக் காலத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி மெல்ல ஏற்றினால் களி மறுபடியும் கரையக்கூடும். அதற்கான அடிவால்வைத் தொலைவிலிருந்து திறக்கும் மோட்டார் வெகுநாளாகச் செத்துக் கிடந்தது. யாராவது பக்க அறைக்குள் இறங்கி, சக்கரத்தைக் கையால் திருப்ப வேண்டும். அந்த அறையில் நிற்கும் ஒவ்வொரு நொடியும் பங்கைத் தின்னும்.

“நான் போறேம்மா,” என்றார் சொட்டு அளவுக்காரம்மாவிடம். “அந்தச் சக்கரம் எனக்குப் பழக்கம். கண்ணக் கட்டிவிட்டாலும் திருப்புவேன்.”

“உங்க பங்கு எப்பவோ தீந்துபோச்சு.”

“இந்த ஒரு தடவை நீங்க கண்ண மூடிக்குங்க.”

“நான் கண்ண மூடினா உங்க பேட்ஜும் மூடிக்குமா?” அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஃபிட்டர் பெயருக்கு நேரே சிவப்பு. மற்ற பெயர்களுக்கு நேரேயும் சிவப்பு. பச்சையாக மிச்சமிருந்தது ஒரே பெயர். சேர்ந்து சில வாரங்களே ஆன, சக்கரத்தைத் தவறாகத் திருப்பிய, மைத்துனனின் பெயர்.

அன்று மாலை வீட்டில் சொட்டு செருப்பைக் கழற்றுமுன்பே மனைவிக்குச் செய்தி தெரிந்திருந்தது. அவள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்பவள். கைகளில் சோப்பு வாசனை இன்னும் போகவில்லை. தம்பியைத் தூக்கி வளர்த்தவள்.

“வேற ஆளே இல்லையா?”

“எல்லார் பங்கும் தீந்துபோச்சு.”

“அவன் பங்கு மட்டும் எப்படித் தீரல?”

“அவன் புதுசு.”

“புதுசா இருந்தா அதத்தான் முதல்ல எடுத்துச் செலவு பண்ணுவீங்களா? அவன் விட்டத்தப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்தப்ப எனக்கு எவ்வளவோ நிம்மதியா இருந்துச்சு. நீங்கதான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனீங்க.”

“நீதான கூட்டிட்டுப் போகச் சொன்ன?”

“சொன்னேன். திரும்பக் கூட்டிட்டு வரணும்னும் சேத்துத்தான் சொன்னேன். அது காதுல விழலையா?”

“அக்கா, ஒரு சக்கரம். அவ்வளவுதான்,” என்றான் மைத்துனன் தட்டிலிருந்து தலை நிமிராமல். “இந்த வாட்டி என்ன கலருன்னு கேட்டுட்டுத்தான் தொடுவேன்.” சிரிப்பு மூட்டப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் வெள்ளை உடுப்புக்குள் அவனை நுழைத்து, மணிக்கட்டுகளைச் சுற்றி ஒட்டுநாடா சுற்றியபோது, சொட்டு அவனிடம் சொற்களை ஒவ்வொன்றாக ஒப்பிக்கச் சொன்னார். மூன்றே சொற்கள்தான் பேசுவதென்று முடிவு செய்திருந்தார்கள்.

“‘சுத்து’ன்னா?”

“சக்கரத்தப் பாத்து நிக்கறப்ப என் இடப் பக்கமா திருப்பணும்.”

“‘நில்லு’ன்னா?”

“கைய எடுக்காம நிக்கணும்.”

“‘வா’ன்னா?”

“எதுவா இருந்தாலும் போட்டுட்டு வெளிய வந்துடணும்.”

“‘வா’ன்னா வேற எந்த அர்த்தமும் இல்லையே?”

“சாப்பிடக் கூப்பிட்டாலும் அதே ‘வா’தான் மாமா. விடுங்க, மூச்சு முட்டுது.”

அவன் இறங்கினான். கட்டுப்பாட்டு அறையில் பொறியாளரும் அளவுக்காரம்மாவும் ஃபிட்டரும் நின்றுகொண்டிருந்தார்கள். திரையில் மங்கலான வெள்ளை உருவம் ஒன்று சக்கரத்தின் முன்னால் குனிந்தது. வாக்கி-டாக்கியில் அவன் மூச்சு கேட்டது. அதற்கு மேல் பேட்ஜின் கீச்சொலி, இடைவெளி குறைந்துகொண்டே.

“சுத்து.”

“இறுகிக் கெடக்கு மாமா.”

“சுத்து மாப்ள.”

உருவம் முழு உடம்பையும் சக்கரத்தில் சாய்த்தது. உலோகம் உராயும் ஓசை வந்தது. “அசையுது… அசையுது மாமா. கொஞ்சம் வந்துருச்சு.”

கீச்சொலி நெருங்கியது. அளவுக்காரம்மா எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் நேரம் இருந்தது. அதைச் சொட்டும் அறிவார். ஆனால் அவர் கண்ணுக்குத் திரை தெரியவில்லை. முந்தின நாள் பார்த்த மனைவியின் முகம்தான் தெரிந்தது. திரும்பக் கூட்டிட்டு வரணும் என்ற குரல் காதுக்குள் கேட்டது. அவர் வாய் அவரைக் கேளாமல் திறந்தது.

“வா.”

உருவம் தயங்கியது. “மாமா, இப்பத்தான் பிடி…”

“வா! வா! போட்டுட்டு வா!”

சொன்னதைச் சொன்னபடி செய்பவன் அவன். வந்துவிட்டான்.

கடுங்காரத்தை ஏற்றிப் பார்த்தார்கள். சக்கரம் திறந்திருந்த இடுக்கு வழியே அது இழையாகக்கூட ஏறவில்லை. முள் இருந்த இடத்திலேயே நின்றது. பொறியாளர் சொட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்.

உடுப்பைக் கழற்றிய மைத்துனனின் பேட்ஜை வாங்கி அளவுக்காரம்மா படித்தார். படித்ததைச் சொல்ல அவருக்கே மனமில்லை என்பது குரலில் தெரிந்தது. “பாதிக்குக் கிட்டப் போயிருக்கு. ஆனா இன்னும் மிச்சம் இருக்கு.”

மிச்சம் என்ற அந்தச் சொல் அறையில் அப்படியே நின்றது. செலவானதில் பெரும்பகுதி சக்கரத்தின் முன்னால் அல்ல. இறங்கிப் போகவும் ஏறி வரவும். வேலைக்குச் செலவானது சொற்பம். சொட்டு அவனைக் காப்பாற்றவில்லை. மறுபடியும் அனுப்புவதற்கேற்ற அளவில் மிச்சம் பிடித்துக் கொடுத்திருந்தார். மற்றவர்களின் பெயர்களுக்கு நேரே இன்னும் சிவப்புதான்.

“ஏன் மாமா கூப்பிட்டீங்க?” நடைபாதையில் அவன் கேட்டான். தலைமுடி வேர்வையில் ஒட்டியிருந்தது. “வந்துக்கிட்டு இருந்துச்சு மாமா. கைக்குத் தெரிஞ்சுது.”

“பயந்துட்டேன் மாப்ள.”

“நீங்க பயந்ததுக்கு நான் இன்னொரு வாட்டி போகணும்.” அதில் கோபம்கூட இல்லை. “அடுத்த வாட்டி ‘வா’ன்னு சொல்லாதீங்க. அது வேணாம். நானே வர்றேன்.”

அன்றைய ஓய்வுக்குப் பிறகு அவன் மறுபடியும் இறங்கினான். சொட்டு வாக்கி-டாக்கியைப் பிடித்திருந்தார். பொத்தானை அழுத்தும் விரலை மற்றொரு கையால் இறுகப் பற்றிக்கொண்டிருந்தார். கீச்சொலி ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கோடாக நீண்டது. அவருடைய உதடுகள் அசைந்தன, ஓசை வரவில்லை. ஃபிட்டர் பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்து அழுத்தினார். திரையில் சக்கரம் ஒரு சுற்று வந்தது. பிறகு ஒன்று. பிறகு அது முட்டி நின்றது.

“முழுசாத் தெறந்தாச்சு,” என்றது வாக்கி-டாக்கி. வெள்ளை உருவம் படியை நோக்கித் திரும்பியது.

அவன் பேட்ஜ் சிவப்பானது. பங்கு தீர்ந்தவனுக்குக் காண்ட்ராக்டரிடம் வேலையில்லை. அனுமதிச் சீட்டை அப்போதே வாங்கிக்கொண்டார்கள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வாயிலருகே உட்கார்ந்தான்.

உள்ளே, அடிவால்வு வழியாகக் கடுங்காரம் ஏறியது. காலத்தின் தலையிலுள்ள கண்ணாடிக் குழாயைப் படக்கருவி வழியாகப் பார்த்தபடி அவர்கள் காத்திருந்தார்கள். காரம் மணிகளை ஊடுருவி மேலே வந்துவிட்டால் அந்தக் குழாயின் வாயில் ஒரு துளி தெரியும். ஒன்று வந்தால் அடுத்ததும் வரும்.

“வாழ்நாள் பூரா ஒரு சொட்டு வரக் கூடாதுன்னீங்க,” என்றார் ஃபிட்டர் மெதுவாக. “இப்ப ஒண்ணே ஒண்ணு வரட்டும்னு கேளுங்க.”

சொட்டு கேட்டார். எவரிடம் என்று தெரியாமல் கேட்டார். குழாயின் வாயில் ஈரம்போல் ஒன்று மினுங்கியது, திரண்டது, துளியாகவில்லை. உருளையின் வெப்பம் காட்டும் எண் மட்டும் ஏறியது. மாலையாயிற்று. களி மேல்வாய்வரை இறுகிவிட்டிருக்கும் என்று பொறியாளர் சொன்னார். மேல்வால்வையும் திறந்து இரண்டு பக்கமும் காரம் கொடுத்துப் பார்க்கலாம். அதன் சக்கரம் இன்னும் உள்ளே, காலத்தின் பக்கவாட்டில் இருந்தது. அதற்கு இன்னொரு முழுப் பங்கு வேண்டும்.

வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள். வண்டியிலிருந்து இறங்கிய தம்பியைக் கண்ணால் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை தடவினாள்.

“முடிஞ்சுதா?”

“எனக்கு முடிஞ்சுது. காலம்தான் இன்னும் தெறக்கல,” என்றான் அவன். உள்ளே போய்ச் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தான். “மாமா, கொஞ்சம் தண்ணி குடுங்க.”

சொட்டு குழாயடியில் தம்ளருடன் நின்றார். “பச்சைத் தண்ணிதான?” என்று அவர் வாயிலிருந்து விழுந்துவிட்டது. மைத்துனன் சிரித்தான்; அந்தச் சில நாட்களில் முதல்முறையாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. அக்காள் அவன் தலையைத் தன் மடியில் அழுத்திக்கொண்டாள்.

கைபேசி ஒலித்தது. மேஸ்திரி.

“அண்ணே, மேல் சக்கரத்துக்கு நாளைக்கு ஆள் வேணுமாம். நானும் நாலு பக்கம் கேட்டுப் பாத்துட்டேன், ஒருத்தனும் வர மாட்டேங்கறான். உங்க சைடுல யாராவது இருந்தா சொல்லுங்கண்ணே. அனுபவமெல்லாம் வேணாம். பங்கு முழுசா இருந்தாப் போதும்.”

சொட்டு கைபேசியைக் காதிலிருந்து இறக்கினார். தொட்டி அவர் கண்முன் நின்றது, வெளிச்சுவர் நின்றது, அதற்கப்பால் இந்தத் தெரு. மேஸ்திரியின் குரல் அறை முழுக்கக் கேட்டிருந்தது.

“சொல்லுங்க,” என்றாள் மனைவி, தம்பியின் தலையிலிருந்து கையை எடுக்காமல். “நான் ஒருத்திதான் மிச்சம். என் பங்கு முழுசா இருக்கு. சக்கரம் என்ன கலருன்னு கேட்டு வைங்க.”

“அண்ணே? லைன்ல இருக்கீங்களா?”

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் எழுந்துபோய் மூடவில்லை.